சேலத்தில் திருப்பணிக் கல்வெட்டு: வெட்டு அருமை, வாசகம்தான் குறை

கும்பாபிஷேகத் தேதி குறித்ததும் திருப்பணிக் குழுவில் யாராவது ஒருவர் "கல்வெட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார். சேலத்துக்காரர்களுக்கு அதற்காக அலைய வேண்டிய நிலை இல்லை. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கருங்கல் குவாரிகள். பாலிஷ் போட்ட கறுப்பு ஸ்லாப் உள்ளூரிலேயே கிடைக்கிறது. அதை அளவுக்கு அறுத்து, எழுத்துப் பொறித்து, வண்டியேற்றி அனுப்பும் பட்டறைகளும் இருக்கின்றன. கோயில் மட்டுமல்ல, பள்ளிக் கட்டடம் புதுப்பித்தது, ஊர்க் கிணறு தூர்வாரியது, ஏற்காட்டில் தேவாலயக் கூரை மாற்றியது என்று எல்லாவற்றுக்கும் கல் இங்கிருந்துதான் போகிறது. இந்த மதிப்புரை அந்தப் பட்டறைகளின் வேலையைப் பற்றியது. கடைப் பெயர் எதுவும் இதில் வராது. நல்லதும் குறையும் அநேகமாக எல்லோருக்கும் பொதுவாக இருக்கின்றன. குறையில் பாதி, ஆர்டர் கொடுக்கும் நம் பக்கத்திலிருந்து வருவது.

ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டது பழைய ரோமாபுரியின் கல்வெட்டுகள். இடிந்ததைத் திரும்பக் கட்டினாலும் பழுது பார்த்தாலும் அதைக் கல்லில் எப்படிச் சொல்வது என்பதற்கு ரோமர்கள் தனி வாசக மரபே வைத்திருந்தார்கள். பிரிட்டன் முதல் வட ஆப்பிரிக்கா வரை அந்த மரபில் வெட்டிய கற்கள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவற்றைப் படித்து "எது இடிந்தது, ஏன் இடிந்தது, யார் காசில் எழுந்தது" என்று சொல்லிவிட முடிகிறது. நம் கல்லுக்கும் அதே சோதனைதான் வைக்க வேண்டும்.

சிசிலித் தீவின் பலெர்மோவில் கிடைத்த ஒரு சிறிய பலகையிலிருந்து தொடங்கலாம். அது ரோமர் காலக் கல்வெட்டுப் பட்டறை ஒன்றின் கடைப்பலகை. கோயில்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் கல்வெட்டுகள் இங்கே அமைத்தும் வெட்டியும் தரப்படும் என்று கிரேக்கத்திலும் லத்தீனிலும் அறிவிக்கிறது. அமைப்பது ஒரு வேலை, வெட்டுவது இன்னொரு வேலை. இரண்டும் அந்தக் கடையில் உண்டு. கல்லில் எந்த வரி எங்கே உட்காரும், எந்தப் பெயர் பெரிதாக வரும், எந்தச் சொல்லைச் சுருக்கலாம் என்று முதலில் கோடு போட்டு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் உளி தொடும். சேலத்துப் பட்டறைகள் இரண்டாவது வேலையில் கெட்டிக்காரர்கள். முதல் வேலையை வாடிக்கையாளர் தலையில் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வாசகம் அப்படியே கல்லில் ஏறிவிடுகிறது.

அந்த வாசகம் எப்படி இருக்கிறது? மேலே பிள்ளையார் சுழி, "ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்", தேதி, லக்கினம். அடுத்து தலைமை, முன்னிலை, வரவேற்பு. அதன்பின் குழு உறுப்பினர்கள், பட்டங்களோடு. மூலையில் பட்டறையின் பெயரும் செல்பேசி எண்ணும். என்ன பழுதாகியிருந்தது, எதை மாற்றினார்கள், எது பழையது என்று ஒரு வரி இராது. அறுபது ஆண்டு கழித்து அதே மண்டபத்தைப் பிரிக்க வரும் ஸ்தபதிக்கு அந்தக் கல்லால் ஒரு பயனும் இல்லை.

இனி ரோமில் இன்றும் நிற்கும் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலைப் பாருங்கள். இரண்டு நீர்க்கால்வாய்கள் சாலையைக் கடக்கும் இடத்தில் எழுப்பிய கல் வளைவு அது. அதன் நெற்றியில் மூன்று கல்வெட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே பேரரசர் கிளாடியஸ், கி.பி. 52: இந்த நீரை 45-ஆவது மைல்கல்லில் உள்ள ஊற்றுகளிலிருந்தும், மற்றொன்றை 62-ஆவது மைல்கல்லிலிருந்தும் தன் செலவில் கொண்டுவந்தார். அதன் கீழே வெஸ்பாசியன், கி.பி. 71: கிளாடியஸ் கொண்டுவந்த நீர் பிறகு தடைபட்டு ஒன்பது ஆண்டுகள் சிதைந்து கிடந்தது, அதைத் தன் செலவில் நகருக்கு மீட்டுக் கொடுத்தார். மூன்றாவது டைட்டஸ், கி.பி. 81: கிளாடியஸ் கொண்டுவந்து தன் தந்தை மீட்ட அதே நீர்வழி, ஊற்றுக்கண்ணிலிருந்தே முதுமையால் அடியோடு பழுதாகிவிட்டது, அதைப் புதிய கட்டுமானத்தில் தன் செலவில் மறுபடி கொண்டுவந்தார்.

மகன் வெட்டிய கல்லில் தந்தையின் பெயரும் அதற்கு முந்தியவரின் பெயரும் வேலையோடு சேர்ந்து நிற்கின்றன. தண்ணீர் எத்தனை ஆண்டு வரவில்லை என்பதை அரசே கல்லில் ஒப்புக்கொள்கிறது. முந்தைய கல்லைப் பெயர்த்து எறியாமல் அதன் கீழேயே அடுத்ததை வெட்டினார்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கால்வாயின் 29 ஆண்டு பராமரிப்பு வரலாறு கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யும் கோயில் ஒன்றில்கூட இப்படி மூன்று கல் வரிசையாக இருந்தால் பொறியாளருக்கு எவ்வளவு வேலை மிச்சம்!

ரோம வாசகத்தில் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகள் இவை: கட்டடத்தின் பெயர், பழுதின் காரணம் (முதுமையால், தீயால், நிலநடுக்கத்தால்), எவ்வளவு தூரம் கட்டினார்கள் (அடித்தளத்திலிருந்தா, பழுது பார்த்ததோடு சரியா), யார் பணம், யார் மேற்பார்வை. ரோமானிய மன்றத்தில் (ஃபோரம் என்ற பழைய பொதுத் திடல்) எட்டுத் தூண்களோடு நிற்கும் சாட்டர்ன் (சனி) கோயிலின் நெற்றியில் இருப்பதைச் சுருக்கத்துக்கு உதாரணமாகக் காட்டலாம்: "ரோமின் செனட்டும் மக்களும், தீயில் அழிந்ததை மீட்டமைத்தனர்." அவ்வளவுதான். தேவையானது எல்லாம் அதில் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. "முதுமையால் சிதைந்த" என்பது ரோமில் தேய்ந்துபோன வழக்காகவும் ஆகிவிட்டது. டைட்டஸ் முதுமை என்று சொல்லும் கால்வாய்க்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. இடையில் ஒருமுறை செப்பமும் செய்தாயிற்று. ரோமின் பாந்தியன் கோயிலை கி.பி. 202-இல் பழுது பார்த்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸும் அவர் மகன் காரகல்லாவும் "முதுமையால் கெட்டுப்போன பாந்தியனை" என்றுதான் எழுதினார்கள். அது பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் புதிதாக எழுந்து முக்கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. நம் "ஜீர்ண" (சிதைந்த) என்ற சொல்லும் அப்படித்தான் ஓடுகிறது. ஒழுகிய தளமும் ஜீர்ணம், சாய்ந்த தூணும் ஜீர்ணம், வெறும் வர்ணம் உரிந்ததும் ஜீர்ணம். ஆகவே சம்பிரதாயத் தலைப்பு இருக்கட்டும். அதன் கீழே உண்மைப் பழுதை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். இந்த மாதிரி:

"முன் மண்டபத்துக் கிழக்குத் தூண்கள் நான்கும் அஸ்திவாரம் இறங்கிச் சாய்ந்து, மேல்தளம் ஒழுகி, மழைநீர் கருவறைச் சுவர் வரை இறங்கியதால், தூண்கள் அஸ்திவாரத்திலிருந்து புதிதாக நிறுத்தப்பட்டுத் தளம் மாற்றப்பட்டது. கருவறையும் விமானமும் பழையவை. செலவு: ஊர் வரியும் பக்தர் நன்கொடையும். மேற்பார்வை: திருப்பணிக் குழு. கும்பாபிஷேகம்: 2025, விசுவாவசு ஆண்டு ஆவணி மாதம்."

தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் போட்டுவிட்டால் 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். குரோதி 1964-65-லும் வந்தது, 2024-25-லும் வந்தது. இலக்க ஆண்டு கட்டாயம் வேண்டும். கிளாடியஸ் கல்லில் அவர் எத்தனையாவது முறை கான்சல் (ரோமின் உயர் ஆட்சிப் பதவி), எத்தனையாவது ஆண்டு அதிகாரம் என்று எண்கள் வரிசையாக இருப்பதால்தான் நாம் 52 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். எந்தக் குழுவிலும் சண்டை வரும் இடம் இதுதான். ரோமர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. அதனால் சட்டமே போட்டார்கள். பொதுக் கட்டடத்தில் பேரரசர் பெயரோ, யார் பணத்தில் கட்டப்பட்டதோ அவர் பெயரோ தவிர வேறு பெயர் எழுதக் கூடாது என்பது பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத்தில் இருக்கிறது. கொடையாளியின் பெயரை அழித்துவிட்டு வேறொருவர் பெயர் வெட்டுவதை ஆளுநர் தடுக்க வேண்டும் என்ற விதியும் அதிலேயே உண்டு. சட்டம் வரக் காரணம் இருந்தது. பேரரசர் டொமீஷியன் தான் செப்பம் செய்த கட்டடங்களில் முதலில் கட்டியவர் பெயரை விட்டுவைக்காமல் தன் பெயரை மட்டும் போட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறைப்படுகிறார். நான்காம் நூற்றாண்டில் ரோம் நகர அதிகாரி லம்பாடியஸ், முன்னோர் கட்டியதைச் செப்பம் செய்துவிட்டுத் தானே நிறுவியதாகக் கல் வெட்டிக்கொண்டார். இதற்கு நேர்மாறு பேரரசர் அகஸ்டஸ்: கி.மு. 28-இல் நகரில் 82 கோயில்களைச் செப்பனிட்டதாகச் சொல்லும் அவர், கேபிடல் கோயிலையும் தளபதி பாம்பே கட்டிய அரங்கையும் பெரும் செலவில் புதுப்பித்தபோது தன் பெயரை எங்கும் பொறிக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

சரி, பேரன் பெயரில் நன்கொடை கொடுத்தால்? அதற்கும் முன்மாதிரி உண்டு. பாம்பெய் நகரில் கி.பி. 62 நிலநடுக்கத்தில் விழுந்த ஐசிஸ் கோயிலை "அடித்தளத்திலிருந்து தன் பணத்தில் மீட்டமைத்தவர்" என்று கல் சொல்லும் செல்சினஸுக்கு வயது ஆறு. அந்த வயதையும் கல்லே சொல்கிறது. பணம் போட்டது தகப்பனார். அவர் விடுதலை பெற்ற அடிமை, நகர மன்றத்தில் உட்கார அவருக்கு உரிமை கிடையாது. மகனுக்குக் கிடைத்தது. ஆக, கொடையாளி தன் வீட்டுப் பிள்ளை பெயரைக் கேட்டால் தாராளமாகப் போடலாம். பணமோ உழைப்போ போடாத பதினைந்து "முன்னிலை"களுக்குத்தான் கல்லில் இடம் இல்லை என்று சொல்லப் பழக வேண்டும்.

இடம் இல்லை என்பது கணக்காகவே நிற்கிற விஷயம். 4 அடிக்கு 3 அடி ஸ்லாப் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் 3 அங்குலம் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 42 அங்குலத்துக்கு 30 அங்குலம். எழுத்து உயரம் 1 அங்குலம் என்றால், தமிழில் மேலே கொம்பும் கீழே சுழியும் ஓடுவதால் வரிக்கு 2 அங்குலம் ஒதுக்க வேண்டும். 15 வரி வரும். தலைப்புக்கு இரண்டு வரி பெரிதாகப் போனால் மிச்சம் 12 அல்லது 13. வரிக்கு 30 எழுத்து என்று வைத்தால் ஏறக்குறைய 380 எழுத்து, அதாவது 55 முதல் 60 சொல். மேலே கொடுத்த மாதிரி வாசகம் அதில் அடங்கும். அதோடு இருபது பெயரும் பட்டங்களும் சேர்த்தால் எழுத்து அரை அங்குலத்துக்குச் சுருங்கும். அதை யாரும் நின்று படிக்க மாட்டார்கள். போர்டு எழுதுபவர்கள் 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று கணக்கு வைப்பார்கள். புள்ளியும் சுழியும் நிறைந்த தமிழுக்கு ஒன்றரை அங்குலம் இருந்தால் நிம்மதி. பெயர்ப் பட்டியல் வேண்டியே தீரும் என்றால் அதற்குத் தனியாக இரண்டாவது கல் போடுங்கள். அது உடைந்தாலும் மாற்றினாலும் முதல் கல் நிற்கும்.

வெட்டும் முறைகளில் சேலத்தில் கிடைப்பவை மூன்று.

முதலாவது கை உளி. ஸ்லாப்பின் மேல் எழுத்தை வரைந்து, டங்ஸ்டன் முனை உளியால் தட்டி எடுப்பது. பாலிஷ் கறுப்பாக இருக்க, உளி பட்ட இடம் வெளிர் சாம்பலாகத் தெரியும். உடைந்த பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. வர்ணமே தேவையில்லை. சேலத்துக் கை வேலையின் உண்மையான பலம் இதுதான்: "ழ"வின் வாலும் "ஞ"வின் சுழியும் அச்செழுத்தைப் போல விறைக்காமல் கை ஓட்டத்தோடு வரும். நேரம் அதிகம் பிடிக்கும், கூலி எழுத்துக் கணக்கில் வரும். "கொ" என்பது ஓர் எழுத்தா, ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகக் கணக்கா, புள்ளிக்குக் கூலி உண்டா என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். பில் வரும் நாளில் பேசினால் மனத்தாங்கல்தான்.

இரண்டாவது சாண்ட் பிளாஸ்டிங். இன்று பெரும்பாலான கல் இதில்தான் வருகிறது. ஸ்டிக்கர் ஷீட்டை பிளாட்டரில் எழுத்தாக வெட்டி ஸ்லாப்பில் ஒட்டுவார்கள். எழுத்துப் பகுதியை மட்டும் உரித்துவிட்டு, கம்ப்ரஸர் காற்றில் உராய்பொடியைப் பீய்ச்சினால் திறந்த இடம் குழியும். ஸ்டிக்கர் மேலேயே இருக்கும்போது தங்க வர்ணம் அடித்து, காய்ந்ததும் உரித்துவிடுவார்கள். வேகம், மலிவு, வரி நேராக இருக்கும். கெடுவது இரண்டு இடத்தில். சின்ன எழுத்தில் "ண", "ன", "வ" ஆகியவற்றின் சுழிக்குள் தீவு போல நிற்கும் ஸ்டிக்கர் துண்டு காற்று வேகத்தில் பறந்துவிடும், சுழி அடைத்துப்போய்க் கறுப்பும் தங்கமுமாகக் குழம்பும். அடுத்தது ஆழம். அவசர வேலையில் ஒரு மி.மீ.கூட இறங்காமல் வர்ணத்தை நம்பி விட்டுவிடுவார்கள். வர்ணம் உரிந்ததும் எழுத்தும் போயிற்று. 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். டெலிவரியின்போது வர்ணம் அடித்த எழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் நகம் பிடித்து நிற்க வேண்டும்.

ரோமர்களும் வர்ணம் அடித்தார்கள். சாதிலிங்கச் சிவப்பு சுவரிலும் பளிங்கிலும் எழுத்தைத் துலக்கிக் காட்டும் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தச் சிவப்பு ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் போய்விட்டது. எழுத்து போகவில்லை, உள்ளே கூராக இறங்கும் இரு சரிவாக வெட்டியிருப்பதால் நிழல் விழுந்து இன்றும் படிக்க முடிகிறது. பளிங்கு மென்மையான கல், அந்தக் கூர் வெட்டு அதில் எளிது. நம் கறுப்புக் கல்லில் அந்த அளவு கூர் வராது, அடி உருண்ட பள்ளமாகத்தான் வரும். அதனால்தான் ஆழத்தை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது லேசர். பாலிஷை மட்டும் சுட்டு வெளுக்க வைப்பது. ஆழம் என்று சொல்ல ஒன்றுமில்லை. படம் போட நன்றாக இருக்கும். அலுவலக அறைக்குள் மாட்டுவதற்குச் சரி, கோயில் பிரகாரத்துக்கு வேண்டாம்.

எழுத்துப் பிழை விஷயத்தில் பட்டறைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் செல்பேசியில் அடித்து அனுப்புவது யூனிகோடு. பட்டறையில் கோரல்டிராவின் பழைய பதிப்பும் பாமினி போன்ற பழைய எழுத்துருவும் இருக்கும். மாற்றும்போது "கொ" பிரியும், "ஸ்ரீ" உடையும், "ஷ்" புள்ளி இழக்கும். ஆகவே புரூஃபை டைப் செய்த எழுத்தாக வாங்காதீர்கள். ஸ்டிக்கர் வெட்டப்போகும் அதே ஃபைலைப் படமாக வாங்கி, அசல் அளவில் பிளெக்ஸிலோ தாளிலோ அச்சடித்து, வைக்கப்போகும் சுவரில் ஒட்டிப் பாருங்கள். வரி முறிவு, அளவு, பிழை மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். ஏற்காட்டுப் பள்ளி, தேவாலயக் கற்களில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வரும். ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும். பலெர்மோ கடைப்பலகை இரண்டு மொழியிலும் இலக்கணம் தடுமாறுகிறது. சொந்தக் கடையின் விளம்பரத்திலேயே அப்படி நடந்திருக்கிறது.

வெட்டிய பிறகு பிழை கண்டுபிடித்தால் கறுப்புத் தூள் கலந்த எபாக்சியால் நிரப்பி மறுபடி வெட்டித் தருவார்கள். அன்று தெரியாது, வெயில் பட்டுச் சில காலம் போனால் ஒட்டு வேறு நிறம் காட்டும். கல்லில் திருத்தம் எப்போதுமே காட்டிக்கொடுக்கும். ரோமில் கி.பி. 203-இல் எழுந்த செவரஸ் வளைவில் வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். தம்பி கெட்டாவைக் கொன்ற காரகல்லா, அவன் பெயர் இருந்த வரியை நீக்கிப் புகழ்ச் சொற்களை அங்கே வைத்தார். பழைய எழுத்துகளைப் பிடித்திருந்த ஆணித் துளைகள் அப்படியே இருந்ததால் கெட்டாவின் பெயரை ஆய்வாளர்கள் திரும்பப் படித்துவிட்டார்கள். பெரிய பிழை என்றால் பட்டறையோடு பேசிப் புது ஸ்லாப் போடுவதே நல்லது. புரூஃபில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர் தலையில் செலவு விழும் என்று முன்கூட்டியே தெளிவாக இருக்கட்டும்.

கல் பதிப்பதில் பட்டறைகளின் கவனம் போதவில்லை. 4 அடிக்கு 3 அடி கறுப்பு ஸ்லாப் 20 மி.மீ. தடிமனில் 65 முதல் 70 கிலோ வரும், 50 மி.மீ. என்றால் 165 கிலோவைத் தாண்டும். இவ்வளவு எடையை ஐந்து இடத்தில் சிமெண்ட் உருண்டை வைத்துச் சுவரில் அழுத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இடையில் காலியாக நிற்கும் இடத்தில் தண்ணீர் சேரும், விளிம்பில் வெள்ளை உப்புப் பூக்கும், தேர் இழுக்கும் நாளில் யாராவது சாய்ந்தால் கல் நடுவில் கீறும். அடியில் கல்லாலோ காங்கிரீட்டாலோ ஒரு தாங்கு கட்டி எடையை அதில் இறக்க வேண்டும். பின்பக்கம் முழுக்கக் கலவை நிரம்ப வேண்டும். நான்கு மூலையிலும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஆங்கர், விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே. சாதாரண இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். துரு பிடித்தால் இரும்பு பருக்கும், பருத்தால் மூலை தெறிக்கும். ரோமர்கள் இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியது தண்ணீர் அதைத் தொடாமல் இருக்கத்தான்.

கல்லின் அடி விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்திலாவது இருக்கட்டும். கோமுகி நீர் தெறிக்கும் சுவரும் தீபத் திண்டுக்குப் பக்கமும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கில் விபூதியும் குங்குமமும் ஒட்டி எழுத்து அடைத்துவிடும். சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழிப்பறை ஆசிட் ஊற்றினால் வர்ணமும் இணைப்புக் கலவையும் போவதோடு கல்லில் பழுப்புக் கறையும் வரலாம்.

சேர்வராயன் மலைக்குக் கல் அனுப்புவதென்றால் இன்னும் இரண்டு விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஸ்லாப்பைப் படுக்க வைத்தால் குலுக்கலில் முறியும். மரச் சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள். மேலே பனிமூட்டமும் ஈரமும் அதிகம், எழுத்துப் பள்ளத்தில் பாசி பிடிக்கும். கல்லுக்கு மேல் 2 அங்குலம் நீட்டிய சிறு கூரைக்கல், அதன் அடியில் நீர் சொட்ட ஒரு கீறல், மர நிழல் படாத சுவர் என்று பார்த்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். தங்க வர்ணம் அங்கே சீக்கிரம் மங்குவதால் கை உளி வேலைக்குக் கொடுக்கும் கூடுதல் கூலி மலையில் நிச்சயம் தகும்.

ஆர்டர் கொடுக்கும் காலமும் முக்கியம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை ஒட்டிக் கூட்டம் நெரியும். பிளாஸ்டிங் ஆழம் குறைவது அப்போதுதான். மார்கழியில் கொடுத்தால் நின்று செய்வார்கள். ஆடியும் ஓய்ந்த மாதம்தான், ஆனால் மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் பட்டறை ஆட்கள் கிடைப்பது அரிது. கை வேலைக்கு வாரக் கணக்கில் அவகாசம் விடுங்கள்.

கடைசியாகப் பழைய கல். புதுக் கல்லைப் பதிக்கப் பழையதைப் பெயர்த்துத் தரவா என்று பதிக்க வரும் ஆட்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாந்தியனின் நெற்றியில் இன்றும் "மூன்றாம் முறை கான்சலான அக்ரிப்பா கட்டினார்" என்றே இருக்கிறது. ஹேட்ரியன் காலத்தில் கோயிலே புதிதாக எழுந்தபோதும் முதலில் கட்டியவர் பெயரை விட்டுவைத்தார்கள். ஆனால் புதிதாகக் கட்டிய ஆண்டை எங்கும் எழுதவில்லை. அதனால் அது அக்ரிப்பா காலக் கட்டடம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1892-இல் செங்கல் முத்திரைகளை ஆராய்ந்த பிறகுதான் ஹேட்ரியன் காலம் என்று தெளிந்தது. பழைய பெயரும் வேண்டும், புதிய தேதியும் வேண்டும்.

நம் முன்னோர் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்க வைத்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிக்காவலிலும் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்தே மறுபடி பொறித்தார்கள். இன்று அதற்குப் புத்தகம்கூட வேண்டாம். சாயங்காலம் இருட்டியதும் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்துப் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பி வரும். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு கோணம் போதும். பிறகு பழைய கல்லை இருக்கும் இடத்திலேயே விட்டு, புதியதை அதன் கீழேயோ பக்கத்திலேயோ பதிக்கச் சொல்லுங்கள். சுவரே இடிகிறது என்றால், முழுதாக எடுத்து அதே மண்டபத்தின் புதுச் சுவரில் வைப்பதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். தனியாகக் கேட்டால் பட்டறைகள் செய்து தருகின்றன. கேட்காவிட்டால் அந்தக் கல் படிக்கட்டுக்கோ துணி துவைக்கவோ போய்விடுகிறது.